மூன்று நூல் கட்டிய பாட்டில்

அந்தக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சுத்தியல் அண்ணன் என்றால்தான் தெரியும். கான்கிரீட் பம்ப் ஓட்டுகிறவர். கீழே லாரி கொண்டுவந்து கொட்டும் கலவையை இரும்புக் குழாய் வழியாகப் பதினான்காம் மாடிவரை தள்ளி ஏற்றுவது அவருடைய வேலை. ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கும். குழாய்க்குள் எங்காவது கலவை அடைத்துக்கொள்ளும் பாருங்கள், அப்போதுதான் அவர் அருமை தெரியும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இவர் இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை உருவிக் குழாயைத் தட்டிக்கொண்டே மாடிமாடியாக ஏறுவார். காலிக் குழாய் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். அடைத்த இடத்தில் 'மொத்' என்று கேட்கும். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க கழட்டு" என்பார். கழற்றினால் அங்கேதான் இருக்கும். இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்து தன் வயிற்றையே இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆகிறது. அது ஐந்தாவது நாள். வலது பக்கம் கொஞ்சம் 'ணங்' மாதிரி கேட்டது. இடது பக்கம் கீழே சந்தேகமே இல்லை, 'மொத்'. இடம் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் கழற்ற முடியாதே!

வெளியே மனைவி கதவைத் தட்டினார். அவருக்குத் தபால் ஆபீசில் வேலை.

"ஏங்க, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? எனக்கு எட்டு மணிக்கு பஸ்ஸு."

"இதோ வந்துட்டேன்."

"இதையேதான் ஏழு மணியில இருந்து சொல்றீங்க."

அவர் வெளியே வந்தார். முகம் வேர்த்திருந்தது. மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கும் இல்லையா?" என்று கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கோபம் வரும் என்று தெரியும். இது வெறும் வயிற்றுப் பிரச்சினை இல்லை என்றும் மனைவிக்குத் தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன்.

அவர்கள் குடியிருந்த வீட்டுக் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் சுத்தியலின் அக்கா இருந்தாள். நாலு வயது மூத்தவள், தையல்காரி. ஒற்றை அறை, ஒரு தையல் மிஷின், சுவர் முழுக்கத் தொங்கும் மற்றவர்களின் துணிகள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணிநேரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள். போகும்போது துணிப்பையில் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை எடுத்துப் போவாள். ஊசி குத்தாத கையால் தைப்பாளாம். நர்ஸ்கள் திட்டினாலும் கேட்கமாட்டாள்.

தம்பியின் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தியது. அன்றைக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். சுத்தியலின் எடை தொண்ணூற்றேழு கிலோ. அதை எண்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்றார். அவகாசம் மூன்று மாதம். எடை குறைப்பதற்கு ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். பெரிய கண்ணாடி போட்ட சின்னப் பெண். சுத்தியல் அவளை டயட் மேடம் என்றுதான் சொல்வார்.

மனிதர் இறங்கினால் இறங்கியதுதான். சோறு பாதியாயிற்று, சர்க்கரை ஒரேயடியாகப் போயிற்று. காலையில் மூன்று முட்டையின் வெள்ளை, மத்தியானம் எண்ணெய் இல்லாத கோழி, ராத்திரி வெள்ளரிக்காய். உடற்பயிற்சிக்கு அவர் எங்கும் போகவில்லை. வேலை செய்கிற கட்டடத்திலேயே இன்னும் லிஃப்ட் வராத பதினான்கு மாடி இருக்கிறதே. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு நிழலில் காலை நீட்டும்போது, இவர் தலையில் ஹெல்மெட்டோடு மாடியேறி இறங்குவார். முதல் வாரம் ஐந்தாம் மாடியில் நாக்குத் தள்ளியது. நாலாவது வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கினார். கிரேன் ஓட்டுகிறவர் மேலேயிருந்து, "சுத்தியலு, நீ ஏறி இறங்குற வேகத்துக்கு உன் தலையில கலவைய வெச்சா பம்பே வேணாம் போலிருக்கே" என்று கத்துவார்.

எடை மளமளவென்று இறங்கியது. ஆறு வாரத்தில் தொண்ணூற்றொன்று. சனிக்கிழமை தோறும் அக்கா அவருடைய பேண்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். மிச்சத் துணியை வெட்டமாட்டாள், உள்ளே மடித்துத்தான் தைப்பாள்.

"வெட்டிடேன்கா, உள்ள உறுத்துது."

"உன்னை நம்ப முடியாது. நாளைக்கே பழையபடி ஊதி வந்து நிப்ப."

அதற்குப் பிறகுதான் எல்லாம் நின்றது. தொண்ணூற்றொன்றில் முள் நின்றது, வயிறும் நின்றது.

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. அதற்கு மேல் குடித்தால் உடம்பில் தங்கி, காலும் முகமும் வீங்கி, மூச்சு முட்டும். அதனால் அவள் ஒரு பாட்டில் வைத்திருந்தாள். அதன் மேல் மூன்று இடத்தில் தையல் நூலைச் சுற்றிக் கட்டியிருந்தாள். சிவப்பு நூல்வரை காலைக்கு, மஞ்சள் நூல்வரை மத்தியானத்துக்கு, நீல நூல்வரை சாயங்காலத்துக்கு. அதற்குக் கீழே இருக்கும் ஒரு வாய் மாத்திரை போட. கோடைக்காலத்தில் தாகம் எடுத்தால் பாட்டிலை எடுத்துப் பார்ப்பாள், நூலைப் பார்ப்பாள், திரும்ப வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு நேரே அக்கா அறைக்குப் போனார். குடத்திலிருந்து பெரிய டம்ளரில் தண்ணீர் மொண்டு ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டுத் திரும்பினால், அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தொண்டை ஏறி இறங்கியது. அவர் விழுங்கிய ஒவ்வொரு மிடறுக்கும் அதுவும் விழுங்கியிருக்கிறது. அவள் திரும்பி ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தாள். சுத்தியலுக்குக் குடித்த தண்ணீர் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

அன்று மாலையே கடைக்குப் போய் அதே மாதிரி ஒரு பாட்டில் வாங்கினார். பழைய சட்டையிலிருந்து நூல் உருவி, அதே இடங்களில் மூன்று சுற்றுக் கட்டினார். அக்காவால் முடிகிறது என்றால் தம்பியால் முடியாதா? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டு விழும் என்று அவருக்கே தெரியும், அப்படித் தெரிந்தே செய்கிற காரியங்களில் இதுவும் ஒன்று.

அவர் தொழிலும் அதற்குத் துணை நின்றது. கான்கிரீட்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரு பகை உண்டு. கலவை கெட்டியாக வந்தால் மேல்மாடியில் பரப்புகிறவர்கள், "அண்ணே, கொஞ்சம் தண்ணி காட்டுங்கண்ணே, சும்மா வழுக்கிட்டு வரும்" என்று கெஞ்சுவார்கள். காட்டினால் வேலை சுலபம், ஆனால் கான்கிரீட்டின் வலு போய்விடும். சுத்தியல் இருபத்தோரு வருடமாக ஒரு சொட்டுக்கூடக் கூட்டவிட்டதில்லை. ஹோஸ் பைப்பைத் தன் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு நிற்பார். வறண்டு இருந்தால் வலு, தண்ணீர் சேர்ந்தால் சொத்தை. இது அவருடைய ரத்தத்தில் ஊறிப்போனது.

போதாக்குறைக்கு ஒரு பரிசோதனை வேறு செய்து பார்த்தார். மனிதருக்கு எதையும் தானே பார்த்தால்தான் நம்பிக்கை. ஒரு காலை எடைக் கருவியில் ஏறி நின்றார், இறங்கினார், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தார், மறுபடி ஏறினார். சரியாக ஒரு கிலோ கூடியிருந்தது. "பாத்தியா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினான்கு மாடி ஏறி இறங்கினாலும் குறையாத ஒரு கிலோ, ஒரு நிமிடத்தில் வாய் வழியாக ஏறுகிறது. அந்தத் தண்ணீர் இரண்டு மணிநேரத்தில் வந்த வழி தெரியாமல் போய்விடும் என்பது அவர் பரிசோதனையில் இல்லை. அதைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆக, முட்டையும் கோழியும் உள்ளே போயின, வியர்வை வெளியே போயிற்று, தண்ணீர் மூன்று நூலோடு நின்றது. வயிறு பாவம், எத்தனை நாள்தான் பொறுக்கும்?

சுத்தியல் வைத்தியம் விசாரிக்க ஆரம்பித்தார். நேராகக் கேட்டால் மானம் போகுமே. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தார். மின்வேலை செய்கிறவர் காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பி என்றார். கம்பி கட்டுகிறவர் இரண்டு வாழைப்பழம் என்றார். கிரேன் ஓட்டுகிறவர், காலுக்கடியில் ஒரு பலகை போட்டு முழங்காலை உயர்த்தி உட்காரச் சொல்லி, அங்கேயே ஒரு மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து செய்தும் காட்டினார். சைட் என்ஜினியர் அந்தப் பக்கம் வந்து என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றார்.

"தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு சந்தேகம் சார்" என்றார் கிரேன்காரர், சுத்தியலைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பலகைகூட செய்துகொண்டார், சைட்டில் கிடந்த சாரப் பலகையை அறுத்து. எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் கொஞ்சம் போயிற்று, ஆட்டுப் புழுக்கை மாதிரி. அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதை நினைத்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது.

டயட் மேடம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கேட்பாள். "வயிறெல்லாம் ஒழுங்கா போகுதா சார்?"

"டான்னு போகுது மேடம்."

மகள் வயதுப் பெண்ணிடம் போய் அதை எப்படிச் சொல்வது? ஆனால் மறைமுகமாக ஒன்று கேட்டார். "நார்ச்சத்துக்கு எதாச்சும் சேத்துக்கலாமா?"

"தாராளமா. கோதுமைத் தவிடு ரெண்டு ஸ்பூன் சேத்துக்கங்க. ஆனா தண்ணி நிறைய குடிக்கணும்."

தவிடு காதில் விழுந்தது. தண்ணீர் விழவில்லை. விழவில்லை என்ன, விழாத மாதிரி இருந்துவிட்டார். இரண்டு ஸ்பூன் என்றால் நாலு ஸ்பூன் போட்டால் சீக்கிரம் வேலை நடக்கும் என்று கணக்குப் போட்டார். உலர்ந்த தவிடு உள்ளே போய் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம்தான் அந்த ஐந்து நாள் செவ்வாய்க்கிழமை.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு சுத்தியலைப் பார்த்தார்.

"போன தடவை நல்லா இருந்துது. இப்ப ரத்தத்துல கழிவு ஏறியிருக்கு. தண்ணியெல்லாம் குடிக்கிறீங்கல்ல?"

"குடிக்கிறேன் சார்." இது பொய் இல்லை என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். முக்கால் லிட்டர் குடிக்கிறாரே.

"உங்க கிட்னியே தடுமாறுதுன்னா அதை எடுத்து உங்க அக்காவுக்கு எப்படி வைக்கிறது? ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம். அப்பவும் இப்படித்தான் இருந்துச்சுன்னா, நீங்க கொடுக்க முடியாது. அவங்க வேற ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்."

சுத்தியல் பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வந்தார். காத்திருக்கிறவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் மிஷினில் படுத்திருந்த இரண்டு பேர் அந்த வரிசையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பயம் வந்தது. பயம் வந்தால் மனிதர் என்ன செய்வார்? தெரிந்ததையே இன்னும் கெட்டியாகப் பிடிப்பார். மறுநாள் மூன்று தடவை மாடியேறினார், மத்தியானப் பங்குத் தண்ணீரில் பாதியை மிச்சம் பிடித்தார். நாலாம் மாடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத மாடி அது. ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றார்.

அக்காவிடம் ரத்தப் பரிசோதனையைப் பற்றி, "இன்னொரு தடவை எடுக்கணுமாம், சும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் அளவு நாடா பொய் சொல்லாதே. அந்தச் சனிக்கிழமை பேண்டு அளக்கும்போது அவள் புருவம் சுருங்கியது.

"கை இளைச்சிருக்கு. கழுத்து இளைச்சிருக்கு. கன்னம் ஒட்டிப்போச்சு. இடுப்பு மட்டும் ஒரு இஞ்ச் கூடியிருக்கே, எப்படிடா?"

"நாடா இழுத்துக்கிச்சோ என்னவோ."

"என் நாடாவா? முப்பது வருஷமா இழுக்காதது உனக்காக இழுத்துக்கிச்சா?" வயிற்றை விரலால் ஒரு குத்துக் குத்தினாள். அவர் 'ஆ' என்றார். "கல்லு மாதிரி இருக்கு. வெளிய போயி எத்தனை நாள் ஆச்சு?"

"ஐயோ, விடுக்கா!" பேண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நாற்பத்தாறு வயதில் அக்காவிடம் இந்தப் பேச்சுப் பேச யாருக்கு மனம் வரும்? அவசரத்தில் சாப்பாட்டுப் பையை அங்கேயே விட்டுவிட்டார். அதன் தோள்வார் அறுந்திருந்தது, அதையும் தைத்து வாங்கத்தான் கொண்டுபோயிருந்தார்.

அரை மணிநேரம் கழித்து மாடிப்படியில் காலடி கேட்டது. அக்கா படியேறுவதே இல்லை, ஏறினால் மூச்சு வாங்கும். கதவைத் திறந்த மனைவி பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. கையில், அவர் விட்டுப்போன பையில் இருந்த பாட்டில். அதை மேஜைமேல் வைத்தாள்.

"இது யாரோடது?"

சுத்தியல் பாட்டிலை எடுக்கப் போனார், அக்கா விடவில்லை.

"என்னோடது கீழ இருக்கு. இதுல முடிச்சு இப்படிப் போட்டிருக்கு, மாட்டைக் கட்டற மாதிரி. நான் போட்ட முடிச்சு இல்ல. யாரோடதுடா?"

மனைவி பாட்டிலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"நீ குடிக்க முடியாம உக்காந்திருக்கும்போது," என்றார் சுத்தியல், தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மட்டும் எப்படிக்கா இறங்கும்?"

அக்கா ஓங்கி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். சின்ன வயதில் வாங்கிய மாதிரியே இருந்தது, சுளீரென்று.

"அறிவிருக்கா உனக்கு? என் ரெண்டும் போச்சு, நான் குடிக்கல. உனக்கு நல்லாத்தான இருக்கு? எனக்குக் கொடுக்கப் போற கிட்னிய நீ காயப் போட்டு வெச்சிருக்க! அது உன்னோடது மட்டுமாடா? பாதி என்னோடது!" சொல்லிவிட்டு அழுதாள். மூச்சு வாங்கியது. அதற்குள்ளும் விடவில்லை. "ரத்தத்துல என்ன சொன்னாங்க? உண்மையைச் சொல்லு."

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து நாளையும், புழுக்கையையும், தவிட்டையும், நாலாம் மாடியில் தூணைக் கட்டிக்கொண்டதையும். மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாளாக மூடி வைத்திருந்தது, அந்தப் பேச்சு மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

திங்கட்கிழமை காலை டயட் மேடத்தின் அறையில் இரண்டு நாற்காலி தேவைப்பட்டது. அக்கா நேரடியாக விஷயத்துக்கு வந்தாள். "டான்னு போகுதுன்னு சொன்னான்ல? பொய். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, ஒண்ணும் போகல. தண்ணியும் குடிக்கல."

டயட் மேடம் முகத்தில் சிரிப்போ அருவருப்போ வரவில்லை. பேனாவை எடுத்தாள், எத்தனை நாள், எவ்வளவு கெட்டி, ரத்தம் உண்டா, வாந்தி உண்டா என்று வரிசையாகக் கேட்டாள், ஏதோ வீட்டு விலாசம் கேட்கிற மாதிரி. சுத்தியலுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சாதாரணமாகக் கேட்கிற பெண்ணிடமா இத்தனை நாள் மறைத்தோம்?

"டயட்ல இருக்கறவங்களுக்கு இது சகஜம் சார். சாப்பாடு குறையுது, அதோட ஈரமும் எண்ணெயும் குறையுது. வேர்வை கூடுது. உடம்புக்குத் தண்ணி பத்தலைன்னா, பெருங்குடல் என்ன பண்ணும் தெரியுமா? உள்ள வர்ற கழிவுல இருக்கற தண்ணியை உறிஞ்சிக்கும். மிச்சம் கல்லு மாதிரி ஆயிடும். அதுமேல நீங்க காஞ்ச தவிட்டை வேற போட்டிருக்கீங்க."

சுத்தியல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் விரிந்தது.

"குழாய் உறிஞ்சுதா?"

"என்ன சார்?"

"குடலே தண்ணிய உறிஞ்சிக்குதுன்னு சொன்னீங்களே? சிமெண்டுப் பால் விடாம பம்ப் போட்டிருக்கேன் மேடம்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தினமும் காலையில் பம்ப் ஆரம்பிக்கும்போது குழாய் காய்ந்து கிடக்கும். அதில் அப்படியே கலவையை விட்டால், காய்ந்த குழாய் முதலில் போகிற கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் போன கலவை நடுவழியில் நின்றுகொள்ளும். அதனால் முதலில் சிமெண்டைத் தண்ணீரில் பால் மாதிரி கரைத்துக் குழாய்க்குள் ஓடவிட வேண்டும். பிறகுதான் கலவை. "கலவையில தண்ணி கூட்டக்கூடாது. ஆனா குழாய நனைக்காம ஆரம்பிக்கக்கூடாது. ரெண்டும் வேற வேற. நானே தினம் காலையில ரெண்டு பக்கெட் விட்டுட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். என் குழாய்க்கு மட்டும் விடல பாருங்க!"

டயட் மேடம் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "இருபத்தோரு வருஷம் பண்ணின வேலைதானே? அப்ப தோணலையா?" என்றாள்.

கெட்டுப்போன இடம் ஒரேநாளில் சரியாகாது என்றாள் டயட் மேடம். அடிக்கடி தண்ணீர், ஒரு நாளில் இரண்டரை லிட்டருக்குக் குறையாமல். தவிட்டை நிறுத்திவிட்டு வேகவைத்த காய், பழம். சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெய். டாக்டரிடம் பேசி, கழிவை இளக்க ஒரு மருந்தும் வாங்கிக் கொடுத்தாள். வந்த உணர்ச்சியை அடக்கக்கூடாது, வராததை முக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

தண்ணீர் விஷயத்தில் அக்கா யாரையும் நம்பவில்லை. காலையிலும் மாலையிலும் அவர் கீழே அவள் அறைக்கு வந்தாக வேண்டும். பெரிய டம்ளரை நிரப்பி அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

"என் கண்ணு முன்னாலயே குடி."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்கா."

"இருக்கும். குடி."

அவர் குடிப்பார். அவளுடைய தொண்டை கூடவே ஏறி இறங்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவள் மூடவில்லை, கடைசிச் சொட்டுவரை பார்த்தாள்.

நாலாவது நாள் காலை ஆறரை மணிக்கு சுத்தியல் சாரப் பலகைமேல் காலை வைத்து உட்கார்ந்தார். தட்டிப் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே மனைவி தலைவாரிக்கொண்டிருந்தார், பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம், பதினான்காம் மாடியில் கலவை விழ ஆரம்பித்தால் கீழே நிற்கிறவருக்கு முகத்தில் வருமே ஒரு நிம்மதி, அதுதான் அவர் வெளியே வந்தபோது முகத்தில் இருந்தது. கண்கூடக் கலங்கியிருந்தது. படியிறங்கிக் கீழே போனார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஆச்சா?"

"ஆச்சுக்கா."

மிஷின் நின்றது. அவள் எழுந்து நாடாவை எடுத்து இடுப்பில் சுற்றினாள். பிறகு டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்திருந்தது. எடை எண்பத்தெட்டைத் தொட இன்னும் ஐந்து வாரம் பிடித்தது. அவகாசத்துக்கு மேலே கொஞ்ச நாள் ஆயிற்றுதான், டாக்டர் பொறுத்துக்கொண்டார். கட்டடம் பதினைந்தாம் மாடிக்குப் போயிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரையும் இரண்டு கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், சுத்தியல் இருந்த பொது வார்டில் நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். வலி மாத்திரைக்கு எல்லோருக்கும் வயிறு கட்டிக்கொள்ளும். ஆனால் கேட்டால் ஆண்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ம், போச்சு" என்றார்கள். சுத்தியல் முறை வந்தது.

"இல்லம்மா, மூணு நாளா போகல!" வார்டு முழுக்கக் கேட்டது. "எழுதிக்கோ. தண்ணி குடிச்சிட்டுத்தான் இருக்கேன், மருந்தும் குடு. வெக்கப்பட்டா வேலைக்கு ஆகாது."

பக்கத்துக் கட்டில்காரர் மெல்லத் தலையைத் திருப்பி, "சிஸ்டர், எனக்கும் போகல" என்றார். எதிர்க் கட்டிலிலிருந்து இன்னொரு கை உயர்ந்தது.

ஐந்தாம் நாள் அவரை மெல்ல நடக்கவைத்து அக்காவின் தனி அறை வாசல்வரை கூட்டிப்போனார்கள். வாயை மூடிய முகக்கவசத்தோடு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, பத்து வருடத்துக்கு முந்தைய முகம் தெரிந்தது. ஆனால் நர்ஸ் அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து சுத்தியலிடம் முறையிட்டாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க. புது கிட்னி நல்லா வேலை செய்யுது. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணும். இவங்க அந்தப் பாட்டில்ல ஊத்தி, சிவப்பு நூல் வந்ததும் நிறுத்திடறாங்க."

படுக்கைக்குப் பக்கத்து மேஜையில் அந்தப் பாட்டில் இருந்தது. கழுவித் துடைத்து எடுத்துவந்திருக்கிறாள். ஒன்றரை வருடப் பழக்கம், தொண்டை தானாக நூலில் நின்றுவிடுகிறது.

"எனக்கே தெரியலடா," என்றாள் அக்கா உள்ளேயிருந்து, பயந்த குரலில். "அதுக்கு மேல குடிச்சா தப்பு பண்ற மாதிரி இருக்கு."

சுத்தியலுக்கு அவளை அப்படிப் பயந்து பார்த்தே பழக்கமில்லை. வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், அவளுக்கு ஒரு கத்தரி குடுங்க."

அக்கா கத்தரியை வாங்கினாள். தையல்காரி கைக்குக் கத்தரி வந்ததும் பயம் போய்விட்டது. சிவப்பை வெட்டினாள், மஞ்சளை வெட்டினாள், நீலத்தை வெட்டினாள். மூன்று நூலையும் சேர்த்து விரலில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்தாள். நர்ஸ் பெரிய டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள்.

"என் கண்ணு முன்னாலயே குடி" என்றார் சுத்தியல்.

அவள் குடித்தாள். பாதியில் நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"போதுமாடா?"

"இன்னும் இருக்கு. குடிக்கா."

அவள் மறுபடி டம்ளரை உயர்த்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், முகக்கவசத்துக்குக் கீழே, அவர் தொண்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.